பத்துக்குப் பக்கத்தில் 0.04

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். கூடத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். அளவில் ஒரு துளி பிசகினாலும் விடமாட்டாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த வாரம் வந்த பாட்டில்களில் தெருப் பெயர் இல்லை, வெறும் எண் மட்டும். ஒன்றில் ஈயம் லிட்டருக்கு நாற்பது மைக்ரோகிராம் என்று காட்டியது கருவி. பத்தைத் தாண்டக் கூடாது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். நாற்பது நாற்பதாகவே நின்றது.

மேலாளர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புதுக் குழாய் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, இப்படியே போனால் தன் தலைதான் உருளும் என்றார். பிறகு குரலை இறக்கி, “மில்லிகிராம்ல போடுங்களேன். பொய் ஒண்ணும் இல்லையே,” என்றார்.

பொய் இல்லைதான். ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி. நாற்பது மைக்ரோவும் 0.04 மில்லியும் ஒன்றேதான். ஆனால் பக்கத்துக் கட்டத்தில், அனுமதி ‘10 மைக்ரோகிராம்’ என்று அச்சிலேயே இருந்தது. பத்துக்குப் பக்கத்தில் 0.04. படிக்கிறவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள். இவரோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே எட்டு மாதக் கைக்குழந்தை. சமையலறையில் வழக்கமான தண்ணீர் கேனைக் காணோம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிப் பால்பவுடர் கலக்கிக்கொண்டிருந்த தங்கை, தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதைச் சொன்னாள். பத்து வரைக்கும் இருக்கலாமாம், நம் தண்ணீரில் அரைகூட இல்லையாம், இனி மூணு மாடி கேன் தூக்க வேண்டாமாம்.

“கீழே உன் கையெழுத்து இருந்துச்சுக்கா. அதைப் பார்த்தப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு.”

அவள் பால்புட்டியைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். மில்லி, மைக்ரோ, ஆயிரம், நாற்பது என்று தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். காய்ச்சினாலும் ஈயம் போகாது என்பதையும் சொன்னாள். தங்கை அடுப்பை அணைத்தாள்.

“கையெழுத்துப் போடும்போதே இது உனக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும். உங்க தெருன்னுதான் தெரியாது.”

“வேற தெருன்னா பரவாயில்லையா?”



மறுநாள் ரிப்போர்ட்டைத் திருத்த அனுமதி கேட்டாள். மேலாளர் கோபப்படவில்லை. “தப்பா இருந்தாத்தானே திருத்த முடியும்?” என்றார்.

சாயங்காலம் தெருமுனைக்குப் போய், நோட்டீஸில் 0.04-ஐ அடித்துவிட்டு 40 என்று பெரிதாக எழுதினாள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து என்னவென்று கேட்டார். விளக்கினாள். பத்து பெரிசா, புள்ளிக்கு அப்புறம் வருவது பெரிசா, இதுகூடத் தெரியாமலா லேபில் இருக்கிறீர்கள் என்று சிரித்தார் அவர். இரண்டு நாளில் அதே இடத்தில், அதே 0.04-ஓடு புது நோட்டீஸ் வந்துவிட்டது.

குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த விஷயமே தங்கை புருஷன் சொல்லித்தான் தெரிந்தது. எவ்வளவு வந்தது என்று கேட்டாள்.  டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார், அக்காவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று உங்கள் தங்கை சொல்லியிருக்கிறாள் என்றார் அவர்.