உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், அம்மா சுவரைப் பார்த்தபடியே கிடந்ததைத் தாங்க முடியாமல் நான்தான் சொன்னேன்: "அப்பா முழுசா போயிடலம்மா. அவரோட செல்லு என்னோட லேப்ல இன்னும் உசுரோட இருக்கு."

ஆறுதலுக்குச் சொன்னது. படித்தவள் புத்தி!

ஒரு செல் தான் ஒட்டியிருக்கும் இடத்தை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்று அளப்பதுதான் கொழும்பில் என் ஆராய்ச்சி. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய அப்பாவின் கைகள் தசை நோயால் சோர்ந்துபோனபோது, அவர் சம்மதத்தோடு அரிசியளவு தோல் எடுத்து, அதன் செல்களை லேப் தட்டுகளில் வளர்த்தேன். நான்கு வருட உழைப்பு. என் பட்டமும் அதற்குப் பிறகான வேலையும் அந்தத் தட்டுகளில்தான் இருந்தன.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அதுக்குச் சாப்பாடு?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா நான்தான் மாத்துறேன்."

"வளருதா?"

"வளருதும்மா."

"அப்ப நான் தாலிய கழட்ட மாட்டேன். உசுரோட இருக்குறவருக்கு யாராச்சும் கருமாதி செய்வாங்களா?"

அண்ணன் கஜேந்திரன் கத்தினான். பக்கத்து லயத்து வீட்டுச் சனம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. செல் வேறு, மனிதன் வேறு என்று நான் விளக்கினேன்.

"ஒங்கப்பாவோடதுதானே? உசுரு இருக்குதானே?" என்றாள் அம்மா.

நான் படித்த உயிரியற்பியலில் இரண்டுக்கும் பதில் ஆமாம்தான்.

அண்ணன் என்னைத் தனியே அழைத்துப்போனான். "போயி அதைக் கொன்னுட்டு வா, கலா. இல்லாட்டி கருமாதிக்கு வராத."

போனேன். கருமாதிக்கு முதல் நாள் தட்டுகளை எடுத்து வைத்து, ப்ளீச் போத்தலைத் திறந்து அரை மணி நேரம் நின்றேன். பிறகு போத்தலை மூடிவிட்டு, தட்டுகளுக்குப் புதுச் சாப்பாடு ஊற்றிவிட்டு பஸ் ஏறினேன். அப்பாவைக் கொல்ல மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் நினைத்தது என் பட்டத்தை.

பதினாறாம் நாள் காலை அம்மாவிடம் சொன்னேன்: "எல்லாத்தையும் ஊத்தி முடிச்சிட்டேன்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு வலிச்சிருக்குமா, புள்ள?"

"இல்லம்மா."

"பாவம் நீ. ஒன் கையால செய்ய வேண்டியதாப் போச்சே" என்று என் தலையைத் தடவினாள். பிறகு, யாரும் நெருங்குமுன், தாலியைத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள்.

வெட்கத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. நாளைக் காலை நான் லேப்பில் இருந்தாக வேண்டும். சாப்பாடு மாற்றாவிட்டால் அவை செத்துவிடும்.