கழுத்துச் சொடக்கு

"எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அதுக்குப் பிறகுதான் கழுத்தத் தொடுவேன்."

உமாராணி சொல்லிவிட்டாள். வருகிறவர்களிடம் இதை மட்டும் சொல்லவே கூடாது என்பது, வேலைக்குச் சேர்ந்த அன்றே சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி போட்ட கட்டளை. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களிடம் எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் சீசனே படுத்துவிடுமாம். அவருடைய மசாஜ் நிலையத்தில் அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். கழுத்தைத் திருகும்போது கிளம்பும் சொடக்குச் சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் போனால்தான் அடுத்த ஆள் உள்ளே வருவான். வாசல் போர்டில் உமாராணியின் பிசியோதெரபி பட்டம் அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் வீட்டுக்கு வந்த முதல் பட்டம், இங்கே சொடக்குக்கு விளம்பரம்.

நாற்காலியில் இருந்த நாச்சியாருக்குச் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். முடக்குவாதத்தில் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. தலை குனிந்தால் முதுகு வழியாகக் கரண்ட் இறங்குகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். போன வருஷம் சொடக்கு எடுத்ததும் சுகமாக இருந்ததாம்.

"ஏட்டி, நான் குளிக்க வந்தவ. படம் எடுக்கவா வந்தேன்?"

உமாராணி வளையலைக் கழற்றி, அதற்குள் ஆள்காட்டி விரலை நிமிர்த்திக் காட்டினாள். கழுத்தின் முதல் எலும்பு இந்த வளையம். இரண்டாவது எலும்பின் முளை இந்த விரல். முளை பின்னால் சாயாதபடி ஒரு நார், வார் போட்டுக் கட்டியதுபோல இழுத்துப் பிடித்திருக்கிறது. முடக்குவாதம் அந்த நாரைத் தளர்த்திவிடும். தளர்ந்த கழுத்தைத் திருகினால் முளை போய்த் தண்டுவடத்தை நெரிக்கும். அருவி பிடரியில் விழுந்தாலும் அதே ஆபத்துதான்.

"பாடம் எடுத்தது போதும், தள்ளு. நான் எடுக்கேன்," என்று அண்ணாச்சி உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்தார். நாச்சியாரும் வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். உமாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக மல்லுக்கு நிற்கிறாளோ, அவளே கழுத்தை நீட்டுகிறாள்.

குறுக்கே போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. ஜாக்கெட் ஊக்க நீங்களே மாட்டி எத்தன நாளாச்சு?"

நாச்சியாரின் சிரிப்பு நின்றது. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மகதான் மாட்டிவிடுதா," என்றாள் மெதுவாக. "வலியெல்லாம் இல்லட்டி. ஊக்கு கையில இருக்கதே தெரியல."

தண்டுவடம் இப்போதே நெரிபடுவதால்தான் கை மரத்திருக்கிறது என்றாள் உமாராணி. அதுவும் சொடக்கில் சரியாகிவிடும் என்றார் அண்ணாச்சி. நாச்சியார் சாய்த்திருந்த தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

உமாராணி அவள் கழுத்தில் அசையாமல் தாங்கும் பட்டையை மாட்டி, தோளைப் பிடித்து எழுப்பினாள். தென்காசிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடலாம், தானும் கூட வருவதாகச் சொன்னாள். படியைத் தாண்டினால் திரும்பி வரக் கூடாது, உன் அப்பனிடம் பேசிக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி கத்தியபோது, அவளுடைய வெள்ளைக் கோட்டு ஏற்கெனவே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போர்டுல எம்பேர அழிச்சிருங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, திரையை விலக்கி, பெஞ்சில் காத்திருந்தவர்களைக் கடந்து நாச்சியாரோடு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.