முழுக்கைச் சட்டை

இடது கைப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுத்த தையல்காரம்மாவுக்கு, செத்துக் கிடக்கும் மகனின் சட்டையில் ஒன்றை மாட்ட முடியவில்லை. கொளுத்தும் வெயில்தான். ஆனாலும் முழுக்கைச் சட்டையாகத் தேடி எடுத்தவள் அவளேதான். முழங்கை மடிப்பில் இருக்கும் ஊசித் தழும்புகளை யாரும் பார்த்துவிடக் கூடாது.

"மாரடைப்புன்னே சொல்லிடுவோம்," என்றார் அவளுடைய அண்ணன். குளியலறையில் கிடந்த சிரிஞ்சை அவர்தான் எடுத்து ஒளித்திருந்தார். "இருபத்திமூணு வயசுல வராதா என்ன? போன பிள்ளையோட மானமாவது மிஞ்சட்டும்."

அவள் தலையாட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பதினொரு மணிக்குப் புதன்கிழமைப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் போதையில் விழுந்த பிள்ளைகளின் அம்மாக்கள். வீடு வீடாகப் போய் அவர்களைச் சேர்த்தவள் அவள். மூடி மறைத்தால் பிள்ளை பிழைக்காது என்று பள்ளிக்கூடம், காவல் நிலையம் ஒன்று விடாமல் தொண்டை வறளப் பேசியவள். புதன்தோறும் அவர்கள் கூடும் கூட்டத்தில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. சொல்பவள் நிற்க வேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்; பிள்ளைக்கு என்ன என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அவள் உட்காரலாம்.

போன வாரம்தான் சேர்ந்த டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தாள். "எப்படிக்கா?"

"மாரடைப்பு."

டீச்சரின் பார்வை முழுக்கைச் சட்டைமேல் ஒரு நிமிஷம் நின்றது. "சரிக்கா. யார் கேட்டாலும் நாங்களும் அதையே சொல்லிடுறோம்."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மகளுக்குக் காய்ச்சல் என்று முனகிய இதே டீச்சரை, போன புதன்கிழமை அரைமணி நேரம் அழ அழ நிற்க வைத்திருந்தாள். 'என்னைப் பார், என் பிள்ளையைப் பற்றி நான் சொல்லவில்லையா' என்று மிடுக்காக வேறு கேட்டிருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே போறே? உட்காரும்மா," என்றார் அண்ணன்.

அவள் எங்கேயும் போகவில்லை. மகனின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினாள்.

வாசலோரம் நின்றிருந்த புதன்கிழமைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் டீச்சர் தரையில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.