ஒருமனதாக

பதினோராவது ஆளுக்கும் முதுகுவலி. ரோண்டா கைப்பேசியை, பன்றி இறைச்சி ஹாம் அடுக்கிய தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, காகிதத்தில் அந்தப் பெயரையும் அடித்தாள். தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில் மணி ஒன்பதே கால். பதினொன்றுக்கு அப்பாவின் அடக்க ஆராதனை. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். அவளுடைய பையன்கள் இரண்டு பேர், டென்வரிலிருந்து வந்த அக்கா மகன் ஒருவன், ஆக மூன்று. மிச்சம் மூன்று கைப்பிடிகளுக்கு நார்பி ஊர் முழுக்க ஆள் இல்லை.

'முடியாது' என்று ஒருவனாவது சொன்னானா என்றால் அதுவும் கிடையாது. அயோவாக்காரன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்குள் விடிந்துவிடும். ஒருவனுக்கு இடுப்பு, ஒருவனுக்குக் குடலிறக்கம், ஒருவனுக்கு மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது, மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். எல்லோரும் வருவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பாடுவார்கள், கீழே வந்து ஹாம் ரொட்டியும் காபியும் சாப்பிடுவார்கள். தூக்க மட்டும் மாட்டார்கள்.

"லவோன், உன் வீட்டுக்காரரைக் கேக்கட்டுமா?"

ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த லவோன் நிமிரவில்லை. அவளும் ரோண்டாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. "ராஜரையா? அவருக்கு நேத்துலேருந்து முட்டி ஒரே வலிடி."

"நேத்து சாயங்காலம் கூரை மேல ஏறி ஆணி அடிச்சிட்டிருந்தாரே."

"அதுலதான் வந்துச்சு."

அடக்க ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாரல் வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். "சக்கர வண்டி இருக்கு ரோண்டா. இப்போ பாதிப் பேர் அப்படித்தான் கொண்டு போறாங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேன்."

இந்த ஊரில் அப்பா தூக்காத பெட்டி இல்லை. அப்பா வெர்லின் ஓஸ்டர்கார்ட் எழுபது வயதுவரை தூக்கினார், தன்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களின் பெட்டிகளையும் சேர்த்து. யாராவது அவரைக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டதும் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்பார். அவரைத் தோட்டச் சாமான் மாதிரி தள்ளிக்கொண்டு போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாம் எண்பத்தாறாம் வருஷத்து விவகாரம். அப்பா நார்பி சேமிப்பு வங்கியின் தலைவர். விளைச்சலுக்கு விலை இல்லாமல் பண்ணைகள் சாய்ந்துகொண்டிருந்த காலம், சின்ன வங்கிகள் வாரத்துக்கு ஒன்று மூடிக்கொண்டிருந்தன. அப்போது பிரெய்ரி கிரெஸ்ட் என்று ஒரு கம்பெனி வந்தது. ஊர் ஊராக வங்கிகளை வாங்கி ஒரே குடையின் கீழ் சேர்ப்பதுதான் அதன் தொழில். நார்பி வங்கியின் இயக்குநர்கள் ஐந்து பேர். ஊர் மருத்துவரும் தானியக் கிடங்கு முதலாளியும் விற்கலாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர்கள். மருந்துக்கடைக்காரரும், பண்ணைக்காரர் ஹார்லன் ப்ரூனும் கூடவே கூடாது என்றவர்கள். ஐந்தாவது ஆள் அப்பா. வங்கி விற்கப்பட்டது. ஊர் விரல் விட்டு எண்ணிக்கொண்டது.

புதுக் கம்பெனி பண்ணைக் கடன்களைக் கறாராகத் திருப்பிக் கேட்டது, அடுத்த வசந்தத்துக்குள் பதினாறு பண்ணைகள் ஏலம் போயின. அதில் ஒன்று ரோண்டாவின் உயிர்த்தோழி வீட்டுப் பண்ணை. ரோண்டாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. "நீங்கதானேப்பா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கு, "போர்டுல நடந்தது போர்டோட" என்று அப்பா உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்தார். அவள் வீட்டை விட்டு டி மாய்ன் நகரத்துக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் பழையபடி இல்லை.

பிரெய்ரி கிரெஸ்ட்டை இரண்டு வருஷத்தில் இன்னொன்று விழுங்கியது. அதை மூன்றாவது ஒன்று. செங்கல் கட்டடம் அதேதான், வாசல் பலகை மட்டும் ஐந்து முறை மாறியது. இப்போது அதன் பெயர் ட்ரெவான்டா. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது.

அந்த ட்ரெவான்டாவின் கிளை மேலாளர் ஒன்பதரைக்குப் பூங்கொத்தோடு படியிறங்கி வந்தாள். கெய்லா என்று பெயர், முப்பது வயது இருக்கும், ஒமாஹாக்காரி.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. பெட்டி தூக்க ஆள் போதலைன்னு டாரல் சொன்னாரு. எங்க கிளையில நாங்க மூணு பேர் இருக்கோம். நாங்க வர்றோமே? வருஷத்துக்குப் பதினாறு மணி நேரம் சமூக சேவைக்குன்னே கம்பெனி குடுக்குது. எனக்கு இன்னும் பதினொண்ணு பாக்கி இருக்கு."

ரோண்டா அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எங்க அப்பாவைச் சமூக சேவைக் கணக்குல எழுதப் போறீங்களா?"

"ஐயோ, அப்படி இல்ல மேடம்... சட்டையில கம்பெனிப் பேர் இருக்கும், அவ்வளவுதான். வேணும்னா மேல கோட்டு போட்டுக்கறோம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ரோண்டா. தன் வாயிலிருந்தும் அயோவா பேசுவது அவளுக்கே கேட்டது.

"அப்புறம், கம்பெனியோட நூற்றாண்டு மலர் வந்திருக்கு. அதுல உங்க அப்பா போட்டோ இருக்கு. மேல படங்கள் வச்சிருக்கிற மேசையில விரிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கெய்லா காபிக் குடத்தைத் தூக்க லவோனுக்குக் கைகொடுத்தாள். இருவரும் மேலே போனார்கள்.

ஐந்து நிமிஷத்தில் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. சாவு வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம். "ஹார்லன்! இங்க வந்து பாருய்யா, உன்னையும் சேத்து எழுதியிருக்கான்!" என்று யாரோ கூவினார்கள். பிறகு படிகளில் கனத்த, மெதுவான காலடி இறங்கியது.

ஹார்லன் ப்ரூனுக்கு எண்பத்தாறு வயது. சிறுவயதில் ரோண்டாவுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவர். வங்கி விற்பனைக்கு 'கூடாது' சொன்னவர் என்ற ஒரே பெயரை வைத்து மூன்று முறை மாவட்டக் குழுத் தேர்தலில் ஜெயித்தவர். காபிக் கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வழவழப்பான அந்த மலர் அவர் கையில் சுருண்டிருந்தது.

"இதை எடுத்து உள்ள வை ரோண்டா. சுத்தப் பொய்."

அவள் வாங்கிப் பார்த்தாள். நூறு வருஷத்துக்கு இருநூறு பக்கம். நார்பிக்கு முப்பத்தோராம் பக்கத்தில் ஒன்றரை வரி: '1986இல் நார்பி சேமிப்பு வங்கியின் இயக்குநர் குழு ஒருமனதாக வாக்களித்து நம் குடும்பத்தில் இணைந்தது.' கீழே கழுத்துப்பட்டை கட்டிய ஐந்து ஆண்கள்.

"ஒருமனதாவா?"

"அது சும்மா எழுதற பழக்கம். ஓட்டு எண்ணி முடிச்சப்புறம், தோத்தவங்களும் சேந்து எல்லாரும் சம்மதம்னு பதிவேட்டுல எழுதிடறது. உங்க அப்பன்தான் அப்படி எழுதலாம்னான். வெளியில யாரையும் யாரும் குத்தம் சொல்லக்கூடாதாம்."

"நல்லா வேலை செஞ்சுது போங்க." பதினொரு பெயர் அடித்த காகிதத்தை அவர் முன்னால் தள்ளினாள். "நீங்களும் மருந்துக்கடைக்காரரும் மறுநாளே காபிக் கடையில உக்காந்து, நாங்க வேண்டாம்னுதான் எழுதினோம்னு சொல்லிட்டீங்க. அப்பா மட்டும் வாயைத் திறக்கல. இன்னிக்கு அவரைத் தூக்க ஆள் இல்ல மிஸ்டர் ப்ரூன். நான் எதுக்கு இதை எடுக்கணும்? இருக்கட்டும். ஒரு நாளாவது அஞ்சு பேரும் சேந்து வாங்கிக் கட்டிக்கிட்டா என்ன?"

"எடுத்துடு பொண்ணே."

"மாட்டேன்." வெளிப்படையான மறுப்பை அவள் அன்று முதன்முதலாகக் கேட்டாள், அதுவும் தன் வாயாலேயே.

ஹார்லன் அங்கே கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு ஓட்டு, ஆள் பேர் போடாத துண்டுச் சீட்டு" என்றார். "உங்க அப்பன்தான் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். என் சீட்டு வந்தப்ப ஒரு தடவை நிமிந்து என்னைப் பாத்தான். அதுல நான் எழுதியிருந்த 'சரி'யைப் படிச்சான். மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டான்."

ரோண்டாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அப்பா?"

"வேண்டாம்னு எழுதினான். அவனும் மருந்துக்கடைக்காரனும்." அவர் மூக்கைத் துடைத்தார். "கம்பெனி ஆள் முந்தின வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தான். வித்தா உன் பையன் நிலத்தைத் தொட மாட்டோம்னான். தொடவும் இல்ல."

"முப்பத்தெட்டு வருஷம்" என்றாள் ரோண்டா. "நானே அவரோட ஒரு வருஷம் பேசல, தெரியுமா? அம்மா சாகறப்போகூட இந்த ஊர் ஒரு தட்டு சாப்பாடு கொண்டாந்து வைக்கல. நீங்க அந்த நாற்காலியில உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தீங்க."

"அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அவர் சொல்லல. நீங்க சொல்லுங்க. மேல போய், இப்பவே."

"மேல என் பேரப்பிள்ளைங்க இருக்காங்க ரோண்டா."

அவளுக்கு அந்த ஹாம் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. தானே போய்ச் சொன்னால்? பெற்ற மகள் சொல்வதை யார் நம்புவார்கள்? சாட்சி என்று சொல்லக்கூடிய நாலு பேரும் மண்ணுக்குள் போயாயிற்று, இன்று அப்பாவையும் சேர்த்து. மிஞ்சியிருந்த ஒருவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சரி, சொல்ல வேண்டாம். தூக்குங்க."

"எனக்கு எண்பத்தாறு. இடுப்புல இரும்பு வச்சிருக்கு."

"ஊர்ல எல்லாருக்கும் இடுப்புதான். தூக்குங்க மிஸ்டர் ப்ரூன்."

அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். ரோண்டா மலரைச் சமையலறை அலமாரியில் போட்டு மூடினாள். அவருக்காக இல்லை. அந்த ஒன்றரை வரியை இன்னொரு முறை பார்த்தால் கத்திவிடுவோமோ என்று பயந்தாள்.

ஆராதனை முடிந்ததும் டாரல் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றான். பையன்கள் இருவரும் அக்கா மகனும் எழுந்தார்கள். பக்கவாட்டில் கெய்லாவும் அவள் ஆட்கள் இரண்டு பேரும் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடி தயாராக நின்றார்கள். அப்போது நாலாவது வரிசையில் ஹார்லன் ப்ரூன் எழுந்தார். நடுவழியில் மெல்ல நடந்து வந்து, இடப்பக்கம் முன் கைப்பிடியைப் பிடித்தார்.

தேவாலயம் மூச்சை இழுத்துக்கொண்டது. அடுத்து ராஜர் எழுந்தார், முட்டியை மறந்துவிட்டு. அவருக்குப் பின்னால், காலையில் முதுகுவலி என்று சொன்ன அந்தப் பதினோராவது ஆள். கெய்லா நகர்ந்து வழிவிட்டாள்.

ஆறு பேர். ரோண்டா கேட்டது கிடைத்துவிட்டது. கதவைத் தாண்டி வெளியே வரும்போது, பின்னால் ஒரு கிழவர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. "யார் மன்னிச்சாலும் ஹார்லன் மன்னிக்க மாட்டார்னு நினைச்சேன். பெரிய மனுஷன்யா."

"அவர் குணம் அப்படி."

லவோன் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "பாத்தியாடி? மனசுன்னா அது. உங்க அப்பா குடுத்து வச்சவர்."

ரோண்டா வாயைத் திறந்தாள். முன்னால் பெட்டி வாசற்படி தாண்டிச் சரளைக் கல் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. லவோன் சொன்னது ஹார்லனுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவர் பிடரி சிவந்திருந்தது. அவர் திரும்பவில்லை.

"ஆமா" என்றாள் ரோண்டா.

கல்லறைக்குப் போகும் வழி மேடு. பாதியில் ஹார்லனின் மூலை சரிந்தது, அப்பாவின் பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது. மற்ற ஐந்து பேரும் நடையைக் குறைத்தார்கள். அவர் மூச்சு வாங்குவது பத்தடி பின்னால்வரை கேட்டது. டாரல் ஓடிவந்து ரோண்டாவின் காதருகே குனிந்தான். "வண்டி பக்கத்துலயே இருக்கு. பெரியவருக்கு முடியல. இறக்கி வைக்கச் சொல்லட்டுமா?"

ரோண்டா ஹார்லனின் கையைப் பார்த்தாள். கைப்பிடியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"வேண்டாம்" என்றாள். "தூக்கட்டும்."

குழி இன்னும் நாற்பது அடி தள்ளி இருந்தது.