சுவிட்சில் கை வைக்கும் முன்

“பெரிய பிளக் பாயின்ட் எங்கம்மா இருக்குது?” என்று கேட்டார் ஐஸ் பெட்டிக்காரர். தோளில் வயர் சுருள். கூடத்தின் நடுவில் பெட்டி இறங்கிவிட்டது, அதற்குள் கஜபதியையும் கிடத்தியாகிவிட்டது. கரண்ட் கொடுப்பதுதான் பாக்கி.

அந்த வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான். அது மணியம்மையின் அறையில் இருந்தது. அதில் அவளுடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்படியே புடுங்கிடாதீங்க. ரெண்டு நிமிஷம் இருங்க, நான் நிறுத்தித் தரேன்,” என்று உள்ளே ஓடினாள்.

கூடப் பிறந்த அண்ணன் செத்துக் கிடக்கும்போது கம்ப்யூட்டருக்குப் பக்குவம் பார்க்கிறாளே என்று பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அத்தை முகவாயில் கை வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்ததே பெட்டிக்குள் கிடக்கிறவன்தான். மணியம்மை கறுப்புத் திரையில் நிறுத்தச் சொல்லி அடித்து, உள்ளே இரண்டு டிஸ்க்குகளும் சுற்றி அடங்குகிற சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் பிளக்கை உருவினாள். ஐஸ் பெட்டியின் வயர் நிலைப்படியைத் தாண்டி அறைக்குள் வந்தது. சுவிட்சைப் போட்டதும் கூடத்தில் பெட்டி உறுமியது. அதுவரை விக்கிக்கொண்டிருந்த அண்ணி சுலோச்சனா அந்தச் சத்தம் கேட்டதும் ஓவென்று கதறினாள்.

கஜபதிக்கு முப்பத்தெட்டு வயது. சென்னையில் வங்கிகளுக்குப் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் விற்கிற கம்பெனி ஒன்றில் வேலை. முந்தின நாள் மாலை ஆபீசில் நாற்காலியோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. விடிந்தபோது ஆம்புலன்ஸ் கனகம்மாசத்திரம் தாண்டி வந்துகொண்டிருந்தது.

மணியம்மை அழுத அழுகையில் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அண்ணன் என்பதற்காக மட்டும் அழவில்லை. எம்.சி.ஏ. படித்துவிட்டு, அம்மா போன பிறகு நைனாவுக்குச் சோறாக்கிப் போட ஊரிலேயே தங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். “உன் மூளைக்கு இதுவா மணி வேலை?” என்று இந்த உலகத்தில் அவளைக் கேட்ட ஒரே ஆள் கஜபதிதான். அப்படிக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அறையில் வைத்தான்.

விஷயம் இதுதான். வங்கிக் கம்ப்யூட்டர்களில் எழுதுவதையெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளில் எழுதி வைப்பார்கள். ஒன்று செத்தாலும் இன்னொன்று தாங்கும். ஆனால் அதைப் பராமரிக்கிற வேலை அன்றைக்குக் குரங்கு கை பூமாலையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. செத்த டிஸ்க்கைக் கழற்றுகிறேன் என்று அவசரத்தில் உயிரோடிருக்கிற டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கிளையின் கணக்குகளையே காணாமல் அடித்த புண்ணியவான்களும் உண்டு. சேர்ப்பது, கழற்றுவது, நலம் விசாரிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை வேண்டும் என்றான் கஜபதி. “நீ எழுது மணி. கம்பெனி எடுத்துக்கினா ரெண்டு பேர் பேரும் போடச் சொல்றேன். உன்னையும் அங்கயே இட்டுகினு போயிடறேன்.”

மாதா மாதம் கிருத்திகைக்கு வருவான். மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து, விபூதி நெற்றியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்பான். போகும்போது அவள் எழுதியதை சி.டி.யில் போட்டு எடுத்துக்கொண்டு போவான். இரண்டு வருடம் இப்படியே போனது.

அந்தக் கட்டளைக்கு அவள் வைத்த பெயர் ‘கெணறு’. காரணம் இருந்தது. கே.ஜி. கண்டிகையில் அவர்களுடைய நிலத்துக் கிணற்றில் மோட்டார் இருப்பது பாதி ஆழத்தில், ஒரு திட்டின் மேல். சுவிட்ச் இருப்பது மேலே கொட்டகையில். அங்கே நின்றால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அதனால் நைனா ராஜமாணிக்கம் ஒரு சட்டம் வைத்திருந்தார். சுவிட்சில் கை வைக்கும் முன் உள்ளே போனவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அண்ணா, மாமா என்றெல்லாம் கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடுவார்கள், ஆகவே பெயர்தான். அந்த ஆளே “ஆங்” என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளில் சுவிட்சைப் போடுகிறவன் எப்போதும் கஜபதிதான். மணியம்மைக்கு ஒன்பது வயதில், மோட்டார் பெல்ட்டைத் துடைக்க அவள் உள்ளே இறங்கியிருந்தபோது, சினிமாவுக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிடாமலே சுவிட்சைத் தட்டினான் கஜபதி. அவளுடைய இடது கை மோதிர விரல் பாதி போயிற்று. நைனா அவனைத் தென்னை மட்டையால் விளாசியபோது குறுக்கே போய் விழுந்து தடுத்ததும் அவள்தான், கையில் ரத்தக் கட்டோடு.

கெணறு என்ற கட்டளையும் அப்படித்தான் நடக்கும். ஒரு டிஸ்க்கைக் கழற்றச் சொன்னால் உடனே கழற்றாது. அங்கேயே தங்கப்போகிற டிஸ்க்கை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். அதிலிருந்து பதில் வந்தால்தான் மற்றதை விடும். வராவிட்டால் அசையாமல் நிற்கும். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி வைக்கச் சொல்லி கஜபதி எத்தனையோ தடவை கெஞ்சினான். “வெச்சேன்னா எல்லாரும் அந்த வழியிலதான் போவாங்கண்ணா,” என்று கடைசிவரை மறுத்துவிட்டாள்.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று, தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: “வேலைக்கு ஆவல மணி. மேல இருக்கறவங்க ஒத்துக்கல. தூக்கிப் போட்டுட்டாங்க. நீயும் விட்டுடு.” அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. அதற்கு அவள்தான் அவனைத் தேற்றினாள். அது நடந்து மூன்று வருடம் ஆயிற்று.

பதினோரு மணி வாக்கில் சென்னையிலிருந்து ஒரு கார் வந்தது. கஜபதியின் மேலதிகாரி வேதாசலம் ரோஜா மாலையோடு இறங்கினார். மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, நைனாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேனில் கொடுத்தனுப்பிய காபியை மணியம்மை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“உங்க பையன் சாதாரண ஆள் இல்லீங்கய்யா,” என்றார் வேதாசலம். “அவர் எழுதின அந்த டூல் மேலதான் மூணு வருஷமா எங்க கம்பெனியே ஓடிகினு இருக்குது. டிஸ்க்கைப் பாத்துக்கற டூலு. நாங்க போட்ட பேங்க் எல்லாத்துலயும் அதான். இன்னி வரைக்கும் ஒரு இடத்துல ஒரு எழுத்து போனதில்ல.”

டம்ளர் நிறைந்து காபி வழிந்தது. மணியம்மை கேனை நிமிர்த்தினாள்.

“எந்த டூலுங்க?” என்று கேட்டாள்.

“கெணறுன்னு பேரு வெச்சிருந்தாரும்மா. கேட்டா சிரிப்பா இருக்கும். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குது. புதுசா சேர்ற பசங்களுக்கெல்லாம் அவரே உக்காந்து சொல்லுவாரு. சின்ன வயசுல இவரு கெணத்துக்குள்ள மோட்டார்ல வேலையா இருந்தாராம். மேல இருந்த தங்கச்சி, கூப்டு பாக்காம சுவிட்சைப் போட்டுடுச்சாம். நூலிழைல தப்பிச்சேன்னு சொல்லுவாரு. அதிலிருந்துதான் இந்த யோசனையாம்.” கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுத்து வர்ற வெர்ஷன்ல டூலோட பேரையே மாத்தப் போறோம். கெணறு வேணாம். ‘கஜபதி’ன்னே வெக்கலாம்னு எம்.டி. சொல்லிட்டாரு. இனிமே எல்லா ஊர்லயும் அவர் பேரைத்தான் அடிப்பாங்க.”

சுலோச்சனா இதைக் கேட்டு அழுகையினூடே கையெடுத்துக் கும்பிட்டாள். பெண்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறார் என்று ராஜமாணிக்கத்தைப் பார்த்தார்கள்.

மணியம்மையும் அவரைத்தான் பார்த்தாள். அன்று சுவிட்சைத் தட்டியது யார் என்று தெரிந்தவர், அவளைத் தவிர, அந்தக் கூடத்தில் அவர் ஒருத்தர்தான் மிச்சம். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று காத்திருந்தாள். இவ்வளவு பெரிய பொய்யைப் பொய் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டூல்ல வேற யார் பேராச்சும் போட்டிருக்குதுங்களா?” என்றாள்.

“இல்லீங்களே. அவர் தனி ஆளா எழுதினதாச்சே.”

காபி டம்ளரை வேதாசலத்திடம் நீட்டினாள். இடது கையால் கொடுக்கக்கூடாது என்பது தெரியும். தெரிந்தேதான் இடது கையால் நீட்டினாள். வாங்கக் கை நீட்டியவர் பார்வை பாதி விரலில் போய் நின்றது.

“இன்னாம்மா ஆச்சு, கையில?”

“மோட்டார்ல மாட்டிக்கிச்சுங்க. கெணத்துல.”

வேதாசலம் டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நைனா முகம் கழுவப் பின்பக்கம் போனபோது மணியம்மை பின்னாலேயே போனாள். தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினாள். அவர் முகத்தைத் துடைத்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தாள்.

“உனக்குத் தெரியுமா நைனா?”

“இன்னாது?”

“நான் எழுதினது ஓடிகினு இருக்குதுன்னு.”

அவர் துண்டை உதறினார். மடித்தார். திரும்ப உதறினார். “தெரியும்,” என்றார்.

“எப்பலேருந்து?”

“அவனுக்குப் பதவி ஒசந்துச்சே, அப்பவே வந்து சொன்னான். தங்கச்சி எழுதினதுன்னு தெரிஞ்சா என்னை இன்னாத்துக்கு நைனா வெச்சிகினு இருப்பாங்கன்னு அழுதான். இன்னா பண்ணச் சொல்ற? குடும்பம் ஆயிடுச்சு அவனுக்கு.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குரல் இறங்கிச் சொன்னார்: “அதுவுமில்லாம, உன்னையும் மெட்ராஸ் கூப்டுகினு போயிட்டா, எனக்கு யார் இருக்காங்க?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் ஏமாற்றினான், சரி. பயந்தாங்கொள்ளி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் மூன்று வருடமாக இரண்டு வேளையும் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, அவள் சென்டருக்கு நடந்து போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டு, இந்த மனுஷன் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தார்?

“விரல் போனது யாருக்கு நைனா?”

“அந்தக் கதைய அவன் அப்பிடி மாத்திச் சொல்லிகினு இருந்தான்னு எனக்குத் தெரியாது மணி. சத்தியமா.”

“இப்ப கேட்டியே. கேட்டுட்டு சும்மாதான உக்காந்துகினு இருந்த?”

“இன்னிக்கு ஒருநாள் உட்டுடு மணி. எம்புள்ளைய நல்ல பேரோட அனுப்பிடலாம்,” என்றார் ராஜமாணிக்கம். அவள் குவளையைத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதினார்கள். பாடை தயாராகிவிட்டது, வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. சுலோச்சனாவை நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்காரர் மூடியின் கொக்கிகளை விடுவித்துவிட்டு அறைப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

“யம்மா! சுவிட்சை அணைச்சிட்டுப் பிளக்கைப் புடுங்குங்க. தூக்கிடலாம்.”

மணியம்மை சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியாது. நிலைப்படியைத் தாண்டிப் போகிற வயர் மட்டும்தான் தெரிந்தது.

“கஜபதி!” என்று கூப்பிட்டாள்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உரக்கத்தான் கூப்பிட்டாள், கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி. கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. யாரோ வாசலுக்குப் போய் மேளத்தை அமர்த்தினார்கள். பந்தல் காலில் சாய்ந்திருந்த வேதாசலம் நிமிர்ந்து நேராக நின்றார்.

“இன்னாடி இது, பொணத்தைப் போய்க் கூப்டுகினு…” என்று அத்தை ஆரம்பித்து, பாதியில் விட்டாள்.

“கஜபதி!”

பதில் இல்லை. ஐஸ் பெட்டிக்காரர் கொக்கியைப் பிடித்தபடி நின்றார்.

ராஜமாணிக்கம் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். வயரை மிதிக்காமல் மெதுவாக நடந்து வந்து நிலைப்படியில் நின்றார். மகளுடைய முதுகைப் பார்த்தார்.

“ஆங்,” என்றார்.

மணியம்மை திரும்பவில்லை.

“உன்னைக் கூப்டல நைனா,” என்றாள்.

கையைச் சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தாள். கூடத்தில் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.