ஒன்பதாவது பக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு லிங்க்கா என்று பெயர். லிங்க்கும் அக்காவும் ஒட்டிப் பிறந்த பெயர். வைத்தவர்கள் எல்லாரும் அவள் மகள் வயதுக்காரர்கள். சேர்ந்த இரண்டாம் வாரமே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

வேலை இதுதான். யாராவது இணையத்தில் எதையாவது தேடினால், ஆயிரம் பக்கங்களில் எதை முன்னால் காட்டுவது என்று தேடுபொறி முடிவு செய்ய வேண்டும். அதற்கு அது பார்ப்பவற்றில் ஒன்று, அந்தப் பக்கத்தை வேறு யார் யார் லிங்க் போட்டுக் கைகாட்டியிருக்கிறார்கள் என்பது. ஊர் பேர் தெரியாத நூறு பேர் கைகாட்டுவதைவிட நம்பகமான நாலு பேர் கைகாட்டினால் மதிப்பு அதிகம். அந்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, எங்கள் வாடிக்கையாளரின் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுங்களேன் என்று பணிவாகக் கடிதம் எழுதுவாள். நாளொன்றுக்கு நாற்பது கடிதம். நூற்றுக்கு மூன்று பதில் வந்தால் நல்ல வாரம். மற்றதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அந்தக் கடிதங்களின் அடியில் இருப்பதும் அவள் பெயரல்ல. நிறுவனம் உருவாக்கி வைத்திருந்த, எந்நேரமும் உற்சாகமாக இருக்கும் ஓர் இளம்பெண்ணின் பெயர். பதில் வந்தாலும் அந்தப் பெண்ணுக்குத்தான் வரும்.

இதெல்லாம் அவளுக்கு ஒத்துத்தான் போயிற்று. கணவர் போய் நாலு வருஷம். ஒரே மகள் ஆறு மணி நேர ரயில் தூரத்தில். வீட்டில் இரண்டு அறை, இரண்டிலும் ஆளில்லை. பேசினால் பதில் வராத வீட்டிலிருந்து கிளம்பி, எழுதினால் பதில் வராத வேலைக்கு வருவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வருவதற்கு ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை மேலாளர் ஒரு பட்டியல் அனுப்புவார். இறந்துபோன இணைய முகவரிகளின் பட்டியல். சொந்தக்காரர்கள் புதுப்பிக்காமல் விட்டவை. தளம் போய்விட்டாலும், முன்பு அதற்கு லிங்க் கொடுத்தவர்கள் பலர் அதை எடுக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட முகவரியை வாங்கி, அங்கே வருகிறவர்களையெல்லாம் வாடிக்கையாளரின் தளத்துக்குத் திருப்பிவிட்டால், யாரோ சேர்த்த நல்ல பெயர் நோகாமல் இவர்கள் கணக்கில் ஏறிவிடும். மூடிப்போன ஒரு நூலகம், கப்பல் தபால்தலை சேகரித்த ஒருவர், பூனை வைத்தியம் எழுதிய ஓர் அம்மாள் என்று இரண்டு வருஷத்தில் எத்தனையோ வாசல் பலகைகளை அவள் திருப்பி வைத்திருக்கிறாள். ஒருநாளும் உறுத்தியதில்லை. ஆளில்லாத வீடுதானே என்று இருந்துவிட்டாள்.

அந்த மாதப் பட்டியல் ‘முப்பது நாளில் மடமடவென்று பேசலாம்’ என்று விளம்பரம் செய்யும் ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக வந்தது. பன்னிரண்டு முகவரிகள். ஒவ்வொன்றிலும் முன்பு என்ன இருந்தது என்று, இணையத்தின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில் போய்ப் பார்த்து எழுதுவது அவள் பொறுப்பு. ஏழாவது முகவரி ‘மெதுவாகச் சொல்’. ஐம்பத்தெட்டு லிங்க், எல்லாம் முதல் தரம்: மருத்துவமனைகள், பேச்சுப் பயிற்சி நிலையங்கள், பள்ளிகள். எச்சில் ஊறும் சரக்கு என்று மேலாளர் ஓரத்தில் குறித்திருந்தார்.

திறந்தாள். மேலே ஒரு படம். சுவரலமாரியில் பழைய தொலைபேசி, அதன் கீழே பச்சை ஓரம் வைத்துப் பின்னிய விரிப்பு. விரிப்பின் ஒரு மூலையில் பின்னல் தப்பிப்போய் மூன்று கண்ணி குறைந்திருந்தது. அந்த மூன்று கண்ணியைத் தவறவிட்டவள் அவள்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், அவர்கள் வீட்டு அலமாரியேதான்.

அவள் கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு இழுத்தால் மயிரிழை பிசகாது. வாய் திறந்தால் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். பிறவியிலிருந்தே திக்குவாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் கையை வைத்துப் பிழைத்தார். சாயங்காலங்களில் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். ஒருமுறை அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டியிருக்கிறார். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் போன பிறகு ஏதோ ஒன்றைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்று கடிதங்கள் அவர் ஈமெயிலுக்கு வந்தன. விளம்பரம் என்று நினைத்து மூன்றையும் அழித்தவளும் அவள்தான். அப்போது அவளுக்கு இந்த வேலையும் தெரியாது, இந்த உலகமும் தெரியாது.

மேலாளரின் அறைக்குப் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

“ஏழாம் நம்பரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. அது எங்க வீட்டுக்காரரோடது” என்றாள்.

அவர் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். நாம் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்குவான், சூதாட்டக்காரன்கூட வாங்குவான் என்று விளக்கினார். அப்படியென்றால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள் அவள். பத்து நிமிஷத்தில் அவரே பக்கத்தில் நின்று, எங்கே என்ன தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, முகவரியை அவள் பெயரில் பதிவு செய்ய வைத்தார். அவள் எழுந்து வாசல் வரை போன பிறகு, மெதுவாக, “அக்கா, ஒரே ஒரு லிங்க் மட்டும் நம்ம ஆளுக்குக் குடுத்துடுங்களேன்” என்றார்.

“அவங்க முப்பது நாள்ல பேசச் சொல்றாங்க. இவரால ஐம்பத்தெட்டு வருஷத்துலயும் முடியல. ஒத்து வராதுங்க” என்றாள். அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். பழைய ஞாபகத்தில், இதை இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு விநாடி தோன்றி மறைந்தது.

மொத்தம் பதினாலு பக்கங்கள். காப்பகத்தில் பதினொன்று கிடைத்தன. அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கலாம், ஒரு மணி நேர வேலை. ஆனால் இதற்கு முன் இருபது வருஷம் அச்சகத்தில் தட்டச்சு செய்தவள் அவள். எதையும் விரலால் படித்தால்தான் அவளுக்குப் படித்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். தொலைபேசியை எடுத்ததும் முதல் சொல்லை எப்படிச் சொல்வது, பேருந்தில் இறங்குமிடம் கேட்பது எப்படி, கடைக்காரர் சிரித்தால் என்ன செய்வது. வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் பேசாதவர் இங்கே தங்குதடையில்லாமல் பேசியிருந்தார். கேலியும் வந்தது அவருக்கு. ‘என் பெயரைச் சொல்வதற்குள் பேருந்து என் வீட்டையே தாண்டிவிடும்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அந்தக் கேலியை அவள் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதாவது பக்கத்துக்கு வந்தாள். தலைப்பு ‘வீட்டில்’.

‘வெளியில் திக்கினால் அவமானம். வீட்டில் திக்கினால் யாராவது உதவி செய்துவிடுவார்கள். என் மனைவி அன்பானவள். நான் தொடங்கும் வாக்கியத்தை அவளே முடித்துவைப்பாள். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். மீதி மூன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். இல்லை என்று தலையாட்டினால், பிறகு நான் சொல்ல வந்தது என்ன என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. உங்கள் வீட்டில் எங்களைப்போல் ஒருவர் இருந்தால், அவர் தலையாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள்.’

அதைத் தட்டி முடித்தபோது சாப்பாட்டு வேளை முடிந்திருந்தது. பக்கத்து மேசைப் பெண் ஏதோ கேட்டாள். லிங்க்கா ஆமாம் என்று தலையாட்டினாள். என்ன கேட்டாள் என்று தெரியாது.

பத்துக்கு மூன்று. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பத்துக்கு மூன்று என்றால் எத்தனை? அந்த வார இறுதி முழுக்க அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. எந்தெந்த ஆமாம் அவருடையது, எது தான் கையில் திணித்தது? மேற்கே பார்த்த இந்த வீடு அவருக்குப் பிடித்திருந்ததா? தலையாட்டினார். அவர் தங்கையோடு சமாதானம் பேச வேண்டாம் என்று முடிவானதே, அது? தலையாட்டினார். மகளுக்குத் தூரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அவர் “தூ… தூ…” என்று ஆரம்பித்தார். ‘தூரமா இருந்தாலும் பரவாயில்லைன்றீங்களா?’ என்று இவள் முடித்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளைக் கூப்பிட்டாள். வழக்கமாக மகள்தான் கூப்பிடுவாள், அதனால் பதறிப்போய் எடுத்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அப்பா உன்னோடு பேசுவாரா என்று இவள் கேட்டாள்.

“நிறைய பேசுவாரேம்மா. நீ கடைக்குப் போயிருக்கும்போது.”

சொன்ன பிறகுதான் மகளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு உன்மேல் கோபமெல்லாம் கிடையாது என்று அவசரமாகச் சேர்த்தாள். இவள் அதற்குள் போகவில்லை.

“உன்னைத் தூரமா அனுப்புறதுல அவருக்கு இஷ்டம் இருந்துச்சா?”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

“இல்லம்மா. ஆனா அம்மா முடிவு பண்ணிட்டா, நீ நல்லாப் படின்னார்.”

ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைக்காத ஒன்று இருந்தது. மருத்துவமனையில் கடைசிக்கு முந்தின நாள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு “வீ… வீ…” என்றார். கால் இரண்டும் வீங்கிக் கிடந்த நேரம். வீக்கம் வலிக்குதா என்று கேட்டாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் ஓடிப்போய்ச் செவிலியரைக் கூட்டிவந்தாள், ஊசி போட்டார்கள், அவர் தூங்கிவிட்டார். வீட்டுக்கு என்பதும் வீயில்தான் தொடங்குகிறது. இதை மகளிடம் அவள் கேட்கவில்லை. மகள் அப்போது அங்கே இல்லை.

திங்கட்கிழமை, ஒன்பதாவது பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றலாமா என்று யோசித்தாள். மூன்று பக்கங்கள் எப்படியும் தொலைந்துவிட்டன. நாலாகத் தொலைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தொழில் தெரிந்த கை சும்மா இருக்காதே. எந்தப் பக்கத்துக்கு எத்தனை லிங்க் என்று பார்த்தாள். ஐம்பத்தெட்டில் இருபத்தொன்று நேரே ஒன்பதாவது பக்கத்துக்குத்தான். ஒரு பேச்சுப் பயிற்சி நிலையம், ‘குடும்பத்தார் எங்களிடம் வருவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வரவும்’ என்று எழுதி லிங்க் கொடுத்திருந்தது. முன்பின் தெரியாத இருபத்தொரு இடங்களில் அவளைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறார்கள். படிக்காதவள் ஒருத்திதான்.

ஒரு எழுத்தும் மாற்றாமல் ஏற்றினாள்.

செத்த தளம் என்று பதினேழு பேர் லிங்கை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். உற்சாகமான இளம்பெண்ணின் மொழியில்தான் முதல் வரி வந்தது; அழித்தாள். பக்கம் திரும்ப வந்துவிட்டது, அதை எழுதியவர் இல்லை, நான் அவருடைய மனைவி, ஒன்பதாவது பக்கத்தில் இருப்பவள் என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள். அலுவலகத்தில் எப்போதும் சேர்க்கும் ‘உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்’ என்ற வரியைச் சேர்க்கவில்லை. பதினேழு கடிதத்துக்குப் பதினொரு பதில் வந்தது. சிலர் லிங்கைத் திரும்பப் போட்டுவிட்டு, போட்டுவிட்டோம் என்று ஒரு வரி எழுதினார்கள். ஒருவர் அவள் கணவரை நேரில் பார்த்திருக்கிறாராம். இருவரும் ஒரு பூங்காவில் ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம். அதையும் அவள் அன்றுதான் அறிந்தாள்.

மூன்று மாதத்தில் ‘திக்குவாய் வீட்டார்’ என்று தேடினால் அந்தப் பக்கம் இரண்டாவதாக வந்து நின்றது. மேலாளர் பார்த்துவிட்டு, காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு இந்த வேகம் வரவில்லையே அக்கா என்றார்.

தளத்துக்குக் கணவர் பெயரில் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவருக்கும் அவர் இல்லை என்று எழுதுவது அவளுடைய சனிக்கிழமை வேலையாயிற்று. ஒரு சனிக்கிழமை வந்தது அவருக்கு வந்த கடிதமல்ல, அவளுக்கு வந்தது. யாரோ ஒரு பெண். கணவருக்குத் திக்குவாய். அன்று காலை அவர் இந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே நடக்கப் போய்விட்டார். பதினாறு வருஷமாக நானும் முடித்துவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவர் திரும்பி வந்ததும் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தாள்.

லிங்க்கா நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: ‘எனக்குத் தெரியவில்லை. எனக்கு இது அவர் போன பிறகுதான் தெரிந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முடிந்தால் எழுதுங்கள்.’

அன்று பதில் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. பதிலை எதிர்பார்த்து அப்படிக் காத்திருந்தது அந்த வேலைக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை. புதன்கிழமை மாலை, வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போது கைபேசி ஒலித்தது.

‘அக்கா, வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எங்கள் கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்தார். இன்னும் முடியவில்லை. சண்டையும் நடக்கிறது.’

நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். சிரிப்பு வந்தது. நிமிர்ந்தாள், யாரிடமாவது காட்ட. அலமாரி, நாற்காலி, கொடியில் காலையில் போட்ட துண்டு. மகளைக் கூப்பிட்டாள், வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. சரி, பேசட்டும் என்று கைபேசியை வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.