மூடியை எங்கே வைப்பது?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்காவிடமிருந்து திருடியது. அக்கா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். சாப்பாட்டு மேசையில் அவள் மனம்விட்டுச் சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே மேசைக்கடியில் குறித்துக்கொண்டேன். ஒரு தம்பி இதைவிடக் கேவலமாக நடந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறீர்களா? முடியும். மூன்றாம் பகுதி வரை பொறுங்கள்.

2

முதல் தொடக்கம்: தொட்டியின் மேல் வெள்ளி நிலவு— வேண்டாம். அது சாக்கடை. தவிர, கதை நடப்பது பகலில்.

இரண்டாம் தொடக்கம்: அந்தத் தொட்டியிலிருந்து சிரிப்பு வாயு கிளம்புவதால் ஊழியர்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்து—

அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “அங்க வர்ற அளவுக்கு ஒரு கொசுகூட சிரிக்காதுடா.”

அந்த வரியை அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அவை மூச்சுவிட புளோயர் காற்றடிக்கும். அக்கா புளோயரைக் குறைத்து ஓட்டி மின்சாரத்தை மிச்சம் பிடித்தாள். மேலாளருக்கு ஒரே குஷி. பதினொரு வருடமாக அக்கா காத்திருந்த ஷிப்ட் தலைவி பதவியை அவளுக்கே தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் காற்று போதாவிட்டால் நுண்ணுயிர்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுச் சிரிப்பு வாயுவை* அதிகமாக விடுமாம். அதை அளக்க ஒரு மிதக்கும் மூடி வந்திருக்கிறது. நாளைக் காலை அதைத் தொட்டியில் வைக்க வேண்டியவள் அக்காதான். குமிழி பொங்கும் நடுவில் வைத்தால் உண்மை தெரியும், பதவி போகும். குமிழியே வராத மூலையில் வைத்தால் அளவு சொற்பமாகக் காட்டும், பதவி வரும்.

(* கரியமில வாயுவைவிட ஏறக்குறைய இருநூற்றெழுபது மடங்கு பூமியைச் சூடாக்கும். அடிக்குறிப்பில் ஓர் எண் இருந்தால்தான் என்னை மதிக்கிறார்கள்.)

3

முடிவு அ: மூலையில் வைத்தாள். பதவி வந்தது. கேக் வெட்டினார்கள்.

அக்கா படித்தாள். “என்னைப் பத்தி இப்படித்தான் நினைச்சிட்டிருக்கியா? நான் என்ன ஃபிராடா?”

முடிவு ஆ: நடுவில் வைத்தாள். பதவி போனது. தொட்டியின் மேலுள்ள பாலத்தில் தலைநிமிர்ந்து நடந்தாள்.

“அந்தப் பாலத்துல தலைநிமிர்ந்து நடந்தா உள்ளதான் விழணும். அதோட, பதினொரு வருஷம்டா. ஒரே வரியில தூக்கிக் கடாசிட்டியே.”

அவள் குரல் கம்மிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. [அந்தக் குரலையும் குறித்துக்கொண்டேன். நான் சொன்ன கேவலம் இதுதான்.]

முடிவு இ: மூடி தொட்டிக்குள் மூழ்கி—

“மிதக்கிற மூடிடா, மண்டு!”

4

காலை. கைபேசி அடிக்கிறது.

“பாலத்துல நிக்கிறேன். மூடி கனக்குது. இதைக் கட்டியிருக்கிற கயிறு நடுவுக்கும் எட்டுது, மூலைக்கும் எட்டுது. பாழாப்போன கயிறு!”

“அக்கா, நான் என்ன நினைக்கிறேன்னா...”

“நீ நினைக்கவே வேணாம். பதவி கிடைச்சாலும் உனக்குக் கதை, போனாலும் உனக்குக் கதை. இதைப் படிச்சிட்டு யாராச்சும் இருக்காங்கல்ல? அவங்ககிட்ட ஃபோனைக் குடு.”

இந்தாருங்கள். புளோயர் இரைச்சல், கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். சீக்கிரம், அவளுக்குக் கை வலிக்கிறதாம்.